பாஸ் இருக்கா பாஸ்?

குழந்தைகளே! செங்கல்பட்டிலிருந்து சென்னைக்குப் போகிற பெரிய சாலையில் பரனூர் சுங்கச்சாவடி இருக்கிறதல்லவா? 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே போலீஸ்காரர்கள் வரிசையாக நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இ-பாஸ் இருக்கா?" இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் வந்த வழியே வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்!

உங்களில் சின்னவர்களுக்கு அப்போது இரண்டு, மூன்று வயதுதான் இருந்திருக்கும். பெரியவர்களுக்கு லேசாக நினைவிருக்கலாம். கொரோனா பரவிய காலம். பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கும் பூட்டு! ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போக வேண்டுமானால் அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். கல்யாணம், சாவு, அவசர வைத்தியம் போன்ற காரணங்களுக்குத்தான் பாஸ் கிடைத்தது. அதையும் போலியாகத் தயாரித்து விற்றுச் சிலர் கைதானார்கள். ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் அட்டை விவரமும் தொலைபேசி எண்ணும் கொடுத்தவர்களுக்கெல்லாம் உடனே பாஸ் கொடுத்தார்கள். செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பயணம் செய்ய பாஸே தேவையில்லை என்றாகிவிட்டது. மறு ஆண்டு இரண்டாம் அலை வந்தபோது, மே 17 முதல் 'இ-பதிவு' என்ற பெயரில் அது மீண்டும் தலைகாட்டியது.

'ஊட்டிக்குப் போனபோது நாங்களும் இ-பாஸ் எடுத்தோமே!' என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. அது வேறு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எத்தனை வண்டிகள் போகின்றன என்று கணக்கெடுப்பதற்காக, உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7இல் தொடங்கியது. அதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை.

நோய்க்காலத்தில் பயணிகளிடம் சீட்டுக் கேட்பது புதிய வழக்கமும் அல்ல. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நம் சென்னை மாகாணத்துக்குள் அது நுழைந்துவிடக் கூடாது என்று ரயில் நிலையங்களில் பயணிகளைச் சோதித்தார்கள். நோய் பரவிய ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதன் பெயர் 'பிளேக் பாஸ்போர்ட்'! அதை வாங்கியவர் தாம் போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாட்கள் தினமும் அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். 1897இல் பிளேக்குக்காகப் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020இல் கொரோனாவுக்கும் தூசு தட்டி எடுத்தார்கள். நூற்று இருபத்து மூன்று வயதான சட்டம்!

கொரோனா காலத்துப் பாஸ்களில் இரண்டு வகை உண்டு. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். இ-பாஸ் என்பது 'இவர் போகலாம்' என்கிற அனுமதி. அவர் உடம்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. தடுப்பூசிச் சான்றிதழ் வேறு. 2021 ஜனவரி 16இல் இந்தியாவில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஊசி போட்டுக்கொண்டவருக்குக் 'கோவின்' தளத்திலிருந்து சான்றிதழ் கிடைத்தது. 'இவருக்கு இன்ன தடுப்பூசி, இன்ன தேதியில் போடப்பட்டது' என்று அது சொல்லும். 'இவருக்கு இன்று நோய் இல்லை' என்று அதுவும் சொல்லாது! ஊசி போட்டவருக்கும் கொரோனா வரலாம். ஆனால் நோய் முற்றி உயிருக்கு ஆபத்தாவதை ஊசி பெருமளவு தடுத்தது.

சரி, அந்தச் சான்றிதழை எப்படி நம்புவது? கம்ப்யூட்டர் தெரிந்த யாரும் அதேபோல ஒன்றை அச்சடித்துவிடலாமே? இங்கேதான் மூலையில் இருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரம் வேலை செய்கிறது. அதுதான் கியூ.ஆர். கோடு. 1994இல் ஜப்பானில் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரும் அவரது குழுவினரும் உருவாக்கியது. கறுப்புக் காய்களும் வெள்ளைக் காய்களும் வைத்து ஆடுகிற 'கோ' என்ற பலகை விளையாட்டைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாம். விளையாடினால் படிப்பு கெட்டுவிடும் என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்!

சதுரம் மட்டும் இருந்தால் போதாது. சதுரத்தை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். உங்கள் மாற்றுச் சான்றிதழில் தலைமை ஆசிரியர் முத்திரை குத்துகிறார் அல்லவா? முத்திரை அவருடைய மேசை இழுப்பறைக்குள் பூட்டியிருக்கும். குத்திய முத்திரையை மட்டும் எல்லோரும் பார்க்கலாம். கோவின் சான்றிதழிலும் அப்படி ஒரு முத்திரை உண்டு. 'டிஜிட்டல் கையெழுத்து' என்பார்கள். முத்திரை போடுகிற ரகசிய எண் சான்றிதழ் வழங்குபவரிடம் மட்டும் இருக்கும். சரிபார்க்கிற எண் வெளிப்படையானது, யாரிடமும் இருக்கலாம். ரப்பர் முத்திரையைவிட இதில் ஒரு வசதி. சான்றிதழில் உள்ள எழுத்துகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் இந்த முத்திரையே பிறக்கிறது. பிறகு யாராவது பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும், தேதியில் 4ஐ 5 ஆக்கினாலும் கணக்கு ஒத்துவராது. சரிபார்க்கிறவர் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார்!

இவ்வளவு கெட்டியான சான்றிதழும் ஒருமுறை திணறியது. 2021 செப்டம்பரில் பிரிட்டன், நம் ஊர் கோவிஷீல்டு ஊசியை ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்தியச் சான்றிதழை ஏற்கவில்லை. கோவின் சான்றிதழில் வயது மட்டும் இருந்தது. அவர்களுக்கோ முழுப் பிறந்த தேதியும் வேண்டும். இரண்டு ஊசி போட்ட இந்தியர்களும் அங்கே போனால் 10 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்றார்கள். 'அப்படியானால் உங்கள் ஊர்க்காரர்களும் இங்கே வந்தால் பத்து நாள்!' என்றது இந்தியா. வெளிநாடு செல்பவர்களுக்குப் பிறந்த தேதியோடு சான்றிதழ் கிடைக்க ஏற்பாடாயிற்று. அக்டோபர் 11 முதல் பிரிட்டனும் ஒப்புக்கொண்டது. ஒரு தேதிக்காக எத்தனை ரகளை பாருங்கள்!

2022இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கிறதா? ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் கூடினார்கள். அந்தச் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு விமானம் ஏறுகிறவர்கள் முன்கூட்டியே 'ஏர் சுவிதா' என்ற இணையதளத்தில் உறுதிமொழி கொடுத்து, பரிசோதனை முடிவையோ தடுப்பூசிச் சான்றையோ சேர்க்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

உலகம் சுற்றுகிறவர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் மாமல்லபுரத்தில் கிளிஞ்சல் மாலை விற்பவர். பட்டன் போன்கூட அவரிடம் கிடையாது. 2020 ஊரடங்கில் மரக்காணத்தில் இருந்த அவருடைய அக்கா இறந்துபோனார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராகப் போனால் வந்துவிடும் ஊர்தான். ஆனால் அது விழுப்புரம் மாவட்டம், பாஸ் வேண்டும். படிவம் நிரப்பத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் அங்கே அடக்கம் முடிந்துவிட்டது. 'கடைசியா ஒரு தடவை முகம் பார்க்கலியே' என்று இன்றும் சொல்வார்.

உலக சுகாதார நிறுவனமும் 2021 தொடக்கத்தில் இதே மாதிரியான கவலையைத்தான் சொன்னது. எல்லா நாட்டுக்கும் ஊசி கிடைக்காதபோது, ஊசி போட்டவர்தான் எல்லை தாண்டலாம் என்று விதிப்பது நியாயமில்லை என்றது. நம் உச்ச நீதிமன்றமும் அந்த ஆண்டு, கைப்பேசியும் இணையமும் இல்லாத கிராமத்து மக்கள் கோவினில் எப்படிப் பதிவு செய்வார்கள் என்று அரசைக் கேட்டது. கோவினில் ஒரே தொலைபேசி எண்ணில் 4 பேர் பதியலாம். பிறகு அதை 6 ஆக்கினார்கள். நம் பாட்டி பக்கத்து வீட்டு எண்ணில் நான்காவது ஆளாகப் பதிந்துகொண்டார். சான்றிதழைத் தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, நான்காக மடித்துச் சுருக்குப்பையில் ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறார். தாளில் இருந்தாலும் அது அதே சதுரம்தான், அதே முத்திரைதான். காட்டுகிறவரிடம் கைப்பேசி இருக்க வேண்டியதில்லை. சரிபார்க்கிறவரிடம் இருந்தால் போதும்.

ஒன்று மட்டும் பாட்டி நம்மில் பலரைவிடப் புத்திசாலித்தனமாகச் செய்தார். சான்றிதழை யாரிடமும் காட்டிப் பெருமையடிக்கவில்லை! 2021இல் நிறையப் பேர் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். பெயர், வயது, அடையாள எண்ணின் கடைசி இலக்கங்கள் எல்லாம் அதில் இருக்குமே! மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள், அப்படி வெளியிடாதீர்கள் என்று அரசே எச்சரிக்க வேண்டியதாயிற்று.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் பாடப்புத்தகத்தில் கியூ.ஆர். கோடு இருக்கும். அம்மா அல்லது அப்பாவின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி (சொல்லாமல் எடுக்காதீர்கள்!) அதைப் படிக்க வையுங்கள். பிறகு ஒரு சின்னக் காகிதத் துண்டால் சதுரத்தின் உள்ளே கொஞ்சம் மறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அப்போதும் படித்துவிடும். ஓரளவு அழிந்தாலும் தானே ஊகித்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். அடுத்து, மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய கட்டங்களில் ஒன்றை முழுதாக மறைத்துப் பாருங்கள். என்ன ஆகிறது? நான்காவது மூலையில் மட்டும் ஏன் அந்தப் பெரிய கட்டம் இல்லை? புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு யோசியுங்கள், விடை கிடைக்கும்.