அப்பா பார்க்கும் திரை

வடசென்னையின் எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்தது. மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊரில் போனை அணைத்து வையுங்கள் என்று பெற்றோரிடம் சொல்ல முடியாது. காசிமேட்டு மீனவருக்குப் புயல் எச்சரிக்கை போனிலும் வருகிறது.

பிள்ளைகள் கையில் போன் சேர்ந்ததும்கூடத் தேவையால்தான். கொரோனாவால் தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன; அதுவரை பலருக்கு வகுப்பே போனில்தான்.

ஆனால் அவசரத்துக்கு எடுத்த போன் அதோடு கீழே இறங்குவதில்லை. அமெரிக்காவில் 12, 13 வயதுப் பிள்ளைகள் பத்தாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு 2024இல் வெளியானது. பெற்றோர் பிள்ளைகள் எதிரிலேயே அதிகம் திரை பார்க்கும் வீடுகளில் பிள்ளைகளும் கூடுதல் நேரம் பார்த்தார்கள். சாப்பிடும்போதும் படுக்கையறையிலும் திரையை அனுமதித்த வீடுகளிலும் அப்படியே. இன்னொன்று நம் வீடுகளுக்கு நன்றாகப் பொருந்தும்: திரையைப் பரிசாகக் கொடுத்து, தண்டனையாகப் பிடுங்கிய வீடுகளிலும் திரை நேரம் கூடியிருந்தது!

ஷிப்டு முடித்து வரும் திருவொற்றியூர் தொழிலாளி, அழைப்பு மணியின் ஒலியை மட்டும் கூட்டி, போனை அலமாரியில் வைக்கலாம். அவசர அழைப்பு காதில் விழும்; சாப்பிடும்போது பிள்ளையின் பேச்சும் விழும்.