உங்களுக்குத் தெரியுமா? தலையிடி மாத்திரையே தலையிடியைத் தரும்!

அடிக்கடி தலையிடி வரும் ஒருவர் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பரசிற்றமோல் போட்டு, அது 3 மாதங்களைத் தாண்டினால், அந்த மாத்திரையே ஓயாத தலையிடிக்குக் காரணமாகலாம். கொடெயின் கலந்த மாத்திரைக்கு 10 நாளே போதும். “போட்டால் குறைகிறதே” என்பார்கள். குறைந்த வலி மறுநாள் திரும்பி வந்து அடுத்த மாத்திரையைக் கேட்பதுதான் இதன் அடையாளம். வைத்தியரின் துணையோடு நிறுத்தினால் பலருக்கு வலி தணிகிறது.

கழுத்தும் காரணமாகலாம். மேல்கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் ஒரே இடத்தில் சந்திப்பதால், கழுத்து மூட்டின் நோ கண்ணின் பின்னால் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்தில் மணிக்கணக்காகக் குனிந்து வலை பொத்துபவர் இதை நினைவில் வைப்பது நல்லது. 1895இல் அமெரிக்காவில் தோன்றிய, மூட்டுகளைக் கையால் அசைத்துச் சீராக்கும் கைரோபிராக்டிக் முறை இவ்வகை வலிக்கு ஓரளவு உதவலாம். ஆனால் அதில் கழுத்தை வெடுக்கெனத் திருப்புவது அரிதாக நாடியைக் கிழித்துப் பக்கவாதத்தைக் கொண்டுவரும். முடிவெட்டியபின் சலூனில் தாடையைப் பிடித்து நெட்டி முறிப்பதற்கும் இதே எச்சரிக்கைதான். “அரிதுதானே” என்று தள்ளிவிட வேண்டாம்: மென்மையான கழுத்துப் பயிற்சி இருக்கும்போது அந்த ஆபத்து தேவையே இல்லை.

திடீரென இடிபோல் வரும் தலையிடியா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.