தேற்றாங்கொட்டையும் மின்னேற்ற இழைகளும்

திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலைக்காடுகளில் வளரும் தேற்றா மரத்தின் விதையை மண்பானையின் உட்புறத்தில் இழைத்து, அதில் கலங்கிய ஏரி நீரை ஊற்றிவைத்தால், சில நாழிகையில் சேறெல்லாம் அடியில் படிந்து தெளிந்த நீர் மேலே நிற்கும் என்பதை நம் முன்னோர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். கலித்தொகையிலேயே இவ்வழக்கம் உவமையாக அமைந்திருப்பது அதன் தொன்மைக்குச் சான்று.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கி நீரில் மிதக்கின்றன. விதையிலிருந்து கரையும் நீண்ட பாலிமர் இழைகளும் அதே எதிர்மின்னேற்றம் பெற்றவையாயிருக்க, விலக வேண்டியவை கூடுவது எங்ஙனம்? மின்னேற்றம் ஒருபோதும் தனித்திருப்பதில்லை என்பதே விடை. நீரில் இயல்பாகக் கரைந்துள்ள கால்சியம் அயனி இரட்டை நேர்மின்னேற்றம் உடையதாதலின், துகளையும் இழையையும் ஒருங்கே பற்றுகிறது. ஒரே இழை பல துகள்களைப் பிணைக்க, அவை திரண்டு, கனத்து, அமிழ்கின்றன. இவ்விதையின் கேலக்டோமன்னான், கேலக்டான் என்னும் சர்க்கரைப் பாலிமர்களின் கலவை, கயோலின் என்னும் களிமண்ணின் கலங்கலை 80 சதவீதம் வரை குறைப்பதாக 1994-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

நீரும் மண்ணும் சந்திக்குமிடத்தில் மட்டுமன்றி, நீரும் நீரும் சந்திக்குமிடத்திலும், மின்னேற்றம் தனித்திருப்பதில்லை என்னும் விதியே ஆள்கிறது. ஜெலட்டினும் மாவுப்பொருளும் கரைந்த நீர் இரண்டு அடுக்குகளாகப் பிரிவதை 1896-இல் பெய்ஜரிங்க் என்னும் டச்சு விஞ்ஞானி கண்டார்; இரு அடுக்குகளிலும் பெரும்பகுதி நீரே. அவ்வடுக்குகளுள் ஒன்றின் பாலிமர் மட்டும் மின்னேற்றம் பெற்றிருந்தால், அம்மின்னேற்றத்தை ஈடுசெய்யும் துணை அயனிகள் அதனைவிட்டு அகல இயலாமையால், எல்லையின் இருபுறங்களுக்கிடையே சில மில்லிவோல்ட் அளவில் மின்னழுத்த வேற்றுமை தோன்றுகிறது. டொன்னான் 1911-இல் வகுத்த சமநிலைக் கொள்கை இதனை விளக்குகிறது. துணை அயனிகள் ஓரடுக்கில் அடைபட விரும்பாமையால் அடுக்குகள் பிரிவதே கடினமாகிறது. உப்பைச் சேர்த்தாலோ அத்தடை தளர்கிறது. புரதங்களையும் உயிரணுக்களையும் சிதைக்காமல் பிரித்தெடுக்க, சுவீடன் நாட்டு ஆல்பெர்ட்சன் 1950-களில் இத்தகைய இரட்டை நீரடுக்குகளையே பிரயோகித்தார்.

தேற்றாங்கொட்டையால் தெளிந்த நீர் கிருமியற்ற நீராகிவிடாது. அதைக் காய்ச்சியே பருக வேண்டும். ஆயினும், வாலைவடிநீரில் களிமண்ணைக் கலக்கி, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கால்சியம் உப்பிட்டும் மற்றொன்றில் இடாமலும் இவ்விதையின் சாற்றைச் சேர்த்து ஒப்பிடும் எளிய சோதனையை நம் பள்ளிகள் செய்வித்தால், பாட்டியின் பழக்கமும் விஞ்ஞானத்தின் காரணமும் மாணவனின் கண்ணெதிரே ஒன்றாய் விளங்கும்.