முட்டைக்கு எவ்வளவு ஈரம் வேண்டும்?

கொல்லையில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும், நாலு நாட்டுக்கோழி வளர்க்காமல் நம்மில் பலருக்கு மனசு ஆறாது. ஆனால் கோழி அடைக்கு உட்கார்ந்து, குஞ்சையும் கூட்டிக்கொண்டு திரிந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் முட்டை நின்றுவிடும். அதனால்தான் தெர்மாகோல் பெட்டியில் பல்பும் சின்ன ஃபேனும் வைத்துக் குஞ்சு பொரிக்கும் பழக்கம் நம் வீடுகளுக்கும் வந்திருக்கிறது.

சூடு 37.5 டிகிரி இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஈரத்தைப் பற்றிக் கேட்டால், "தண்ணி வெச்சிருக்கேனே, போதாதா?" என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு சகோதரி 20 முட்டை வைத்தார். காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் முதல் நாளிலிருந்தே மூன்று கிண்ணம் தண்ணீர்! பொரித்தது ஐந்துதான். மீதியை உடைத்துப் பார்த்தால், பலவற்றில் முழுசாக வளர்ந்த குஞ்சு. பார்த்தவர்களுக்கு வயிற்றைப் பிசைந்தது.

முட்டை இளைக்க வேண்டும்

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றின் வழியே உள்ளேயிருக்கும் நீர் மெல்ல வெளியேறும். அந்த அளவுக்கு, முட்டையின் பருத்த முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகும். ஓட்டை உடைப்பதற்கு முன் குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்த அறையில்தான்.

ஈரம் அதிகமானால் நீர் வெளியேறாது, காற்றறை சிறுத்துப்போகும், குஞ்சு உப்பி, திரும்ப இடமில்லாமல் மூச்சு முட்டிச் சாகும். ஈரம் குறைந்தாலோ உள்தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீதம் என்று கணக்கு.

மார்கழிப் பனியை நம்பாதீர்கள்

ஓசூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியலில் எதிர்வீடு தெரியாத பனி. "இவ்வளவு ஈரம் இருக்கே, தண்ணி எதுக்கு?" என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்து போகிறோம். 15 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 25 சதவீதம்கூட இருக்காது. கிருஷ்ணகிரியில் சித்திரை மத்தியான வெயிலில் இருக்கிற வறட்சிதான் பெட்டிக்குள்ளும் இருக்கும்! ஐப்பசி மழை நாளில் இது 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அப்போது சின்னக் கிண்ணம் போதும். வெளியே இருக்கும் ஈரம் வேறு, பெட்டிக்குள் இருக்கும் ஈரம் வேறு.

இன்னொன்று: கிண்ணத்தின் ஆழத்தால் பயனில்லை. தண்ணீரின் பரப்புதான் கணக்கு. ஈரம் கூட்ட அகலமான தட்டு, குறைக்கச் சின்ன டம்ளர். ஈரம் அதிகமாகிவிட்டது என்று சூட்டைக் கூட்டாதீர்கள், தண்ணீரைக் குறையுங்கள். காற்றுத் துளைகளையும் அடைக்கக் கூடாது.

அளந்து பார்க்க மூன்று வழி

1. அடை வைக்கும் அன்றே ஒவ்வொரு முட்டையையும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் ஓட்டில் எழுதிவிடுங்கள். 40 கிராம் முட்டை 9-ம் நாள் 37½ கிராம், 18-ம் நாள் 35 கிராம் அளவில் இருக்க வேண்டும். அதைவிட இளைத்திருந்தால் தண்ணீரைக் கூட்டுங்கள், இளைக்காவிட்டால் குறையுங்கள்.

2. ஈரப்பத மீட்டர் இல்லையா? ஒரு தெர்மாமீட்டரின் முனையில் நனைந்த பருத்தித் திரியைச் சுற்றி ஃபேன் காற்று படும்படி வையுங்கள். பெட்டியின் சூடு 37.5 டிகிரி இருக்கும்போது இது முதல் 18 நாள் 29 டிகிரியும், பிறகு 32 டிகிரியும் காட்டினால் சரி.

3. ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். கூமுட்டையை எடுத்துவிடலாம். காற்றறை எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியும்.

கடைசி மூன்று நாள்

18-ம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்துங்கள். அகலத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். குஞ்சு விழாதபடி மேலே வலை போடுங்கள். பிறகு மூடியைத் திறக்காதீர்கள். ஒரு தடவை திறந்தாலே ஈரமெல்லாம் போய்விடும். ஓட்டைக் கீறிய குஞ்சின் மேல் தோல் காய்ந்து இறுகும். பொரிந்த குஞ்சு பசித்துக் கத்துகிறதே என்று பதற வேண்டாம். வயிற்றில் உறிஞ்சிய மஞ்சள் கரு அதற்கு இரண்டு நாளாவது தாங்கும். குழந்தைகள் எட்டிப் பார்க்கத் துடிப்பார்கள். மூடியில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்துவிட்டால் வம்பில்லை.

முட்டையையும் குஞ்சையும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சமைக்கவோ, பிள்ளைக்குச் சோறூட்டவோ கூடாது. வயிற்றுப்போக்கு தரும் கிருமி அவற்றில் இருக்கலாம். பெட்டியைச் சமையலறையில் வைப்பதும் வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் கேட்க ஓசூரை அடுத்த மத்திகிரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரியே இருக்கிறது. அடுத்த தடவை முட்டை வைக்கும்போது தராசையும் பென்சிலையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.