அஷ்டமியில் ஒரு பறவை உலா

மும்பைக்கு வந்து குடியேறிய தமிழர்களுக்கு வேனிற் கடைசி என்றால் நினைவுக்கு வருவன மூன்று: பள்ளி விடுமுறை, ஊருக்குச் செல்லும் வண்டியில் இடம் கிடைக்காத் துயரம், மாவடு. நான்காவதாக ஒன்று உண்டு என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் நாம் அறியாதிருந்தோம். மழை வருமுன் கழிமுகத்தை விட்டுக் கிளம்பும் பூநாரைகளைச் சொல்கிறோம். 2025ஆம் ஆண்டு சித்திரை, வைகாசித் திங்கள்களில் அவற்றைக் காண நம் வீட்டார் சென்று வந்த வரலாற்றைச் சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்டமையால் எழுதத் துணிந்தோம். நாம் பறவை நூல் கற்றவரல்லர். இரயில்வேயில் பயணச்சீட்டுப் பதிவு எழுத்தர். பிழை காண்போர் பொறுத்தருள்க.

முதலில் நம் தந்தையாரைப்பற்றிக் கூறவேண்டும். வேதாரணியத்து உப்பளம் ஒன்றில் நாற்பதாண்டுகள் கணக்கு எழுதியவர். 2024 கார்த்திகையில் நம் அன்னையார் காலமானபின் அவரைத் தனியே விட மனமின்றித் தை பிறந்ததும் வடாலாவுக்கு அழைத்து வந்தோம். வந்தவர் பேச்சைக் குறைத்துக் கொண்டே வந்தார். இரண்டு அறை வீட்டில் அவர் நாற்காலி சன்னலோரம். சன்னலுக்கு எதிரே இன்னொரு வீட்டின் சன்னல். பத்து வயது மகளோ பள்ளியில் ஆங்கிலம், படியில் மராத்தி, விளையாட்டில் இந்தி என்று வளர்பவள். தாத்தா கேட்டால் "ஆமாம்", "இல்லை" என்ற இரண்டு சொல்லோடு ஓடிவிடுவாள். பங்குனி முடிவில் தந்தையார் நாள்தோறும் கேட்கத் தொடங்கினார்: "தம்பி, சீட்டு போட்டாச்சா?" பதிவு அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் நாம் இடமில்லை என்று எத்தனை நாள் சொல்ல இயலும்? மே 7ஆம் நாள் புதனன்று சென்னை வண்டிக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தோம். அதை மடித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக் கொண்டார்.

போகுமுன் ஏதேனும் காட்டலாமே என்று இல்லத்தரசியார் சொன்னதன் பேரில் ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை காலை, அடுத்த நிலையமாகிய சிவ்ரிக்குச் சென்றோம். நிலையத்தின் கிழக்கே சரக்கு வண்டிகளும் எண்ணெய்க் கறையுமாகக் கிடக்கும் சாலையில் இருபது நிமிடம் நடந்தால் பழைய படகுத்துறை. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட 21.8 கிலோமீட்டர் கடற்பாலம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. எதிர்பார்ப்புடன் போனோம், கண்டது சேறு. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு, அதன் விளிம்பில் இளஞ்சிவப்பாக நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. அக்கோடுதான் பூநாரைகள் என்று யாரோ சொன்னார்கள். மகள் முகம் வாடிவிட்டது.

தந்தையாரோ சேற்றைப் பார்த்து வியந்து நின்றார். அவர் கண்ட கீழைக்கடல் ஏறி இறங்குவது முழங்கால் அளவுக்குத்தான். இங்கே பெரு ஓதத்தில் ஏறக்குறைய மூன்று ஆள் உயரம் நீர் ஏறி இறங்குகிறது. "இன்றைக்கு அமாவாசை அல்லவா, ஓதம் எப்போது?" என்றார். வலை உலர்த்திக் கொண்டிருந்த கோளி முதியவர் ஒருவரிடம் நாம் இந்தியில் கேட்டோம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உச்சிப் பொழுதை ஒட்டி நீர் நிறையும், காலையில் வற்றிக் கிடக்கும் என்றார் அவர். தந்தையார் விரல் மடக்கிக் கணக்கிட்டார்: "நாளுக்கு இரண்டு நாழிகை தள்ளும். அஷ்டமிக்கு விடியலில் நிறையும். அடுத்த ஞாயிறு வா, தம்பி." கோளி முதியவரும் திதி எண்ணியே படகு விடுபவராம். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. ஆயினும் கால் மணி நேரம் இருவரும் விரல்களாலேயே உரையாடியதைக் கண்டோம்.

மே 4 ஞாயிறு, சப்தமி கழிந்து அஷ்டமி தொடங்கும் நாள். ஊரில் அஷ்டமி, நவமியில் எந்த நற்காரியமும் தொடங்கமாட்டார்கள். பூநாரை பார்க்க அவையே நல்ல நாட்கள் என்பதை இங்கே பதிந்து வைக்கிறோம். காலை ஆறு மணிக்கு நீர் துறையின் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. இறங்கத் தொடங்கியதும், வெளிப்பட்ட முதல் சேற்றுத் திட்டில் பறவைகள் வந்து நின்றன. நூறு முழத் தொலைவு கூட இராது. நூற்றுக்கணக்கில் நின்றவை, நீர் பின்வாங்கப் பின்வாங்க அதன் ஓரத்தைத் தொடர்ந்தே நடந்தன.

பூநாரை உண்ணும் விதம் விந்தையானது. நீண்ட கழுத்தை வளைத்துத் தலையைத் தலைகீழாக்கி, மேலலகு கீழே இருக்குமாறு நீரில் அமிழ்த்துகிறது. தடித்த நாக்கு நீரை உள்ளிழுத்து வெளித்தள்ள, அலகின் விளிம்பிலுள்ள சல்லடை உணவை மட்டும் நிறுத்திக் கொள்ளும். இங்கு வருவன இருவகை. சிறிய பூநாரை கருஞ்சிவப்பு அலகுடையது. அதன் சல்லடை மிக நுண்ணியது. நுண்பாசியே அதற்கு முதன்மையான உணவு. பெரிய பூநாரை உயரமானது, வெளுத்த உடல். இளஞ்சிவப்பு அலகில் நுனி மட்டும் கறுப்பு. சிறு கூனிகளும் நத்தைகளும் புழுக்களும் அதற்கு இரை. சிவப்பு நிறம் உணவிலிருந்து ஏறுவது. குஞ்சு சாம்பல் நிறமாகவே பிறந்து, நிறம் கூட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கூட்டத்தில் அழுக்குத் துணிபோல் நின்றவை இளம் பறவைகளே. நகரத்துக் கழிவுநீர் இக்கழியில் கலப்பதால் பாசி செழித்தது, பாசி செழித்ததால் பூநாரை மிகுந்தது என்று ஆராய்வோர் பலர் கருதுகின்றனர். நம் சாக்கடையைத் தேடி இத்தனை அழகு வருகிறதே என்று எண்ணும்போது மகிழ்வதா நாணுவதா என்று தெரியவில்லை.

மகள் வாங்கி வந்த பழைய தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றுதான். முறை வைத்துப் பார்த்தோம். தந்தையாரின் வலக் கண்ணில் புரை. அவர் கண்ணாடியை வாங்கவில்லை; நடையையும் குரலையும் கொண்டே பெயர் சொன்னார். "செங்காலை நீட்டி நீட்டிப் போகுதே, அது பவளக்காலி. வளைந்த மூக்கு கோட்டான். ஓடி ஓடி நிற்பதெல்லாம் உள்ளான். மேலே வட்டமிடும் வெண்தலைக்காரன் செம்பருந்து, கிருஷ்ணப் பருந்து என்று உன் அப்பத்தா கன்னத்தில் போட்டுக்கொள்வாள்." மகள் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினாள். 'உள்ளான்' என்பதற்கு எந்த 'ள' என்று கேட்டாள். தமிழில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறோம்.

அன்று ஒரு பூசலும் நேர்ந்தது. பறவைகள் எழுந்து பறக்கும் காட்சியைப் படம் பிடிக்க விரும்பிய இளைஞர் ஒருவர் கல்லெடுத்து எறிந்தார். கூட்டம் முழுதும் எழுந்தது. சிறகின் உட்புறச் செம்மையும் கருமையும் ஒருங்கே விரிந்தது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தந்தையார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர்முன் சென்று, "தின்கிற பிள்ளையை அடிப்பாயா? நீ எந்த ஊர்?" என்று நல்ல தமிழில் உரத்துக் கேட்டுவிட்டார். அவ்விளைஞருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, பொருள் விளங்கிவிட்டது. இரண்டாங் கல் கீழே விழுந்தது. நீண்ட பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் காலத்தில் வீணாக எழுப்புவது பறவையின் சேமிப்பைக் கொள்ளையிடுவதேயாகும்.

வீடு திரும்பும் வண்டியில் தந்தையார், "அந்தச் சீட்டை மாற்ற முடியுமா, தம்பி?" என்றார். சூன் முதல் வாரத்துக்கு வேறு சீட்டு எடுத்தோம். பழைய சீட்டுக்கு ரத்துக் கட்டணம் பிடித்தார்கள். இரயில்வே எழுத்தர் ஆயிற்றே என்று யாரும் விட்டுவிடவில்லை.

அடுத்த ஞாயிறு மே 11, சித்திரா பௌர்ணமிக்கு முந்திய நாள். தந்தையார் கணக்கின்படி நீர் நிறைவது முற்பகல் பதினொரு மணி சுமார். பௌர்ணமியை ஒட்டிய பெரு ஓதத்தில் கழியின் சேறு முழுதும் மூழ்கிவிடும். அப்போது பறவைகள் எங்கே நிற்கும்? கரைக்கு உள்ளே உள்ள ஆழமற்ற ஏரிகளுக்குப் பறந்து வருகின்றன. அவற்றைக் காண வடாலாவிலிருந்து பன்வேல் வண்டியில் ஏறி, நேருள் கடந்து ஸீவுட்ஸ் தாரவேயில் இறங்கினோம். (தாராவி அன்று, நண்பர் ஒருவர் அப்படிக் கேட்டுக்கொண்டு அங்கே இறங்கத் தேடினார்.) அருகில், பள்ளியொன்றன் பெயரால் வழங்கும் சுமார் 30 ஏக்கர் ஏரி. ஒன்பதரை மணி முதல் கீழைத் திசையிலும் தென்திசையிலும் பத்து, இருபதாக வரிசை கட்டி வந்திறங்கின. கழியும் ஏரியும் ஒரே வீட்டின் கூடமும் அடுக்களையும் போல. ஒன்றை அடைத்தால் மற்றதும் பயன்படாது.

அடைத்துப் பார்த்ததும் உண்டு. கடல்நீர் வரும் வாய்கள் அடைபட்டு இந்த ஏரி வற்றியதும், 2024 ஏப்ரலில் இங்கே பூநாரைகள் பல இறந்ததும் செய்தித்தாள்களில் வந்தவை. அதே ஆண்டு மே 20 இரவு காட்கோபர்ப் பக்கத்தில் இறங்க வந்த விமானம் ஒன்றில் மோதி 39 பூநாரைகள் மாண்டன. 2025இல் மாநில வனவிலங்கு வாரியம் இவ்வேரியைப் பாதுகாப்புக் காப்பகமாக்க இசைவளித்தது நற்செய்தி. இருப்பினும் நாம் சென்ற அன்று ஒரு பக்கம் பச்சைப் பாசி படர்ந்து நீர் அசைவின்றிக் கிடந்தது. தந்தையார் கரையைச் சுற்றி நடந்து, நீர் வரும் வாய் எது என்று தேடிப் பார்த்தார். "உப்பளத்தில் ஒரு வாய் தூர்ந்தால் நாலே நாளில் பாத்தி நாறும், இதற்குப் படித்தவன் வேண்டியதில்லை, மண்வெட்டி போதும்" என்றார்.

தாணே கழியில் 1,690 ஹெக்டேர் பரப்பு 2015இல் பூநாரைச் சரணாலயமாயிற்று; 2022இல் கழி ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 2019இல் எடுத்த கணக்கில் இப்பகுதிப் பூநாரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. 1883இல் தோன்றிய அக்கழகத்தில் பறவைகளைப் பயின்றவர்தான் இந்நகரில் பிறந்த சாலிம் அலி. கச்சின் பெரும் ரண்ணில் பூநாரைகள் சேற்றைக் குவித்துக் கூடு கட்டி, ஒற்றை முட்டையிடும் இடத்தை 1945இல் நேரில் சென்று கண்டவர். மழை விழுந்ததும் இங்குள்ளவற்றில் பெரும்பகுதி செல்வது குஜராத்தை நோக்கியே; சில இங்கேயே தங்கிவிடுவதும் உண்டு.

மே 18 மாலை பவாய் ஏரிக்குப் போனோம். 1891இல் குடிநீருக்காகக் கட்டப்பட்டது. இன்று ஆகாயத்தாமரை நீரை மூடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் நடக்கும் இலைக்கோழியும், நீலத் தாழைக்கோழியும், சிறகு விரித்து உலர்த்தும் நீர்க்காகமும் கண்டோம். முதலை இருப்பதால் கரையில் இறங்க வேண்டா. கூட்டமும் வண்டி இரைச்சலும் மிகுதி; மறுமுறை போகும் எண்ணம் இல்லை.

மே 24 காலை நம் குடியிருப்பின் மரத்திலிருந்து கறுப்பும் வெள்ளையுமாய்க் கொண்டை வைத்த குயிலொன்று கூவியது. தந்தையார், "சுடலைக்குயில்" என்றார். கீழ்வீட்டு மராத்தி அம்மையார் அதையே "சாதக்" என்று காட்டி, மழை வந்துவிட்டது என்றார். ஆப்பிரிக்காவிலிருந்து பருவக்காற்றோடு கடல் கடந்து வந்து, தவிட்டுக்குருவிகளின் கூட்டில் முட்டையிட்டுச் செல்லும் பறவை அது. "பேர்தே வ்ஹா", அதாவது விதையுங்கள் என்று கூவும் வேறொரு குயிலும் தம் ஊரில் உண்டு என்று அவ்வம்மையார் சொல்ல, அதற்கு அக்காக்குயில் என்று எங்கள் பக்கம் பெயர் என்று தந்தையார் சொல்ல, மகள் நடுவே நின்று மொழிபெயர்த்தாள். வழக்கமாக சூன் 11 சுமாரில் வரும் பருவமழை அவ்வாண்டு மே 26ஆம் நாளே மும்பையை அடைந்தது. தண்டவாளத்தில் நீர் நின்று, சிவ்ரிக்குக் கடைசியாக ஒருமுறை போகும் திட்டம் கெட்டது. பூநாரைகள் கிளம்பியதை நாம் காணவில்லை.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு: சிவ்ரிக்கு அஷ்டமி, நவமியை ஒட்டிய காலை, நேருள் ஏரிகளுக்குத் துவாதசி முதல் சதுர்த்தசி வரையிலான முற்பகல். துறைமுகத்து ஓதப் பட்டியலையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஐரோலியில் வனத்துறையார் விடும் படகும் ஓதத்துக்குக் கட்டுப்பட்டதே. நீரும் குடையும் கையில் இருக்கட்டும். சேற்றில் இறங்கலாகாது, இடுப்பளவு இழுக்கும்.

தந்தையார் சூன் 5ஆம் நாள் ஊருக்குப் புறப்பட்டார். 2023 முதல் அகத்தியம்பள்ளி வரை மீண்டும் வண்டி ஓடுவதால் வேதாரணியத்து நிலையத்திலேயே இறங்கினார். அதில் அவருக்குத் தனிப் பெருமை. குறிப்பேட்டை மகளிடமே விட்டுச் சென்றார். அதில் 41 பெயர்கள் இருந்தன. எழுத்துப் பிழைகளை அவர் திருத்தவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை தொலைபேசி மணி அடித்தது. கோடியக்கரையில் பூநாரை இறங்கியிருக்கிறது என்றார். நம்மிடம் பேச வாய்ப்பில்லை, மகள் கருவியைப் பறித்துக்கொண்டு, "தாத்தா, அலகு முழுதும் கறுப்பா, நுனி மட்டுமா?" என்று கேட்டாள்.

"நுனி மட்டும்தான், கண்ணு. பக்கத்து வீட்டுப் பையனை நிறுத்திப் பார்க்கச் சொன்னேன்."

அவள் குறிப்பேட்டை எடுத்து 42 என்று இலக்கமிட்டாள்.