மருந்துக்குத் துணை நிற்பவர் யார்?

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அதன் இறுதிக் குறளில் மருத்துவம் நான்கு கூறாகப் பகுக்கப்பட்டுள்ளது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து அம்மருந்தைக் கொடுப்பவர். முதல் மூன்றையும் நாம் எளிதில் நினைவுகூர்கிறோம், நான்காமவரை மறந்துவிடுகிறோம். மருந்தால் விளையும் தீங்குகள் பல அந்த நான்காமவர் இல்லாத வீடுகளில்தான் நேர்கின்றன.

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் அவ்விடத்தை நெடுங்காலம் நிரப்பியவர், மக்கள் 'டிரசர்' என்றழைத்த தோட்ட மருத்துவ உதவியாளர். அப்பணியாளரைப் பதிவு செய்வதற்கு 1965ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அவர் அறிந்த மருத்துவம் எல்லைக்குட்பட்டதே. எனினும் எந்த லயத்தில் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பதை ஒருவரே அறிந்திருந்தார்.

இன்று நிலைமை வேறு. நீலாய் போன்ற வட்டாரங்களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. நீரிழிவு மாத்திரை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலிருந்து வருகிறது. முழங்கால் வலிக்குரியது தனியார் கிளினிக்கிலிருந்து. ஜாமு இரவுச் சந்தையிலிருந்து. லேகியம் தமிழகம் சென்று வந்த உறவினரிடமிருந்து. கொடுப்பவர் ஒவ்வொருவரும் தாம் கொடுத்ததை மட்டுமே அறிவார். அனைத்தும் ஒன்றுசேர்வது உண்பவரின் உடலில்தான்.

அவ்வாறு சேரும்போது தீங்கு மூன்று வழிகளில் வரக்கூடும்.

முதலாவது, ஒரே மருந்தை இருமுறை உண்பது. 500 மில்லிகிராம் பாராசிட்டமோல் மாத்திரையை வளர்ந்தவர் ஒரு நாளில் எட்டுக்கு மேல் உண்ணலாகாது. மிகுந்தால் ஈரல் பழுதுறும். சளிக் காய்ச்சல் மருந்துகள் பலவற்றிலும் அதுவே கலந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவது, ஒரு மருந்து மற்றொன்றின் செயலை மிகுவிப்பது அல்லது குலைப்பது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவர் அதனுடன் ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணியைத் தாமாகவே சேர்த்துக்கொண்டால் வயிற்றினுள் குருதி கசியலாம். டைக்லோஃபெனாக் போன்றவை இரத்த அழுத்த மாத்திரையின் பயனைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் வருத்தும்.

மூன்றாவது, மறைந்திருக்கும் மருந்து. பதிவு பெறாத சில ஜாமுகளில் ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருப்பதை அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்துள்ளனர். வலி விரைவில் நீங்குவதால் நம்பிக்கை வளர்கிறது. நாளடைவில் முகம் வீங்குகிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு தேய்கிறது. உடல் தானே சுரக்கவேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதும் குறைந்துவிடுகிறது. ஆகவே நெடுநாள் உண்டவர் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. மருத்துவரிடம் அப்பொருளையே கொண்டு சென்று காட்டுதல் வேண்டும்.

நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்.' என்னும் எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் ஓர் இறுதி எழுத்தும் இருக்கும். 'டி' எனில் அது பாரம்பரிய மருந்து. போலி எண்ணை அச்சிடுவது எளிதாதலால், தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பதிவேட்டில் அதைச் சரிபார்த்தல் நன்று. மருந்தின் எதிர்விளைவுகளை ஆராயும் ஆலோசனைக் குழு 1987 முதல் இயங்குகிறது. 1990இல் மலேசியா உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் இணைந்தது. பொதுமக்களும் பக்கவிளைவுகளைத் தெரிவிக்கலாம்.

இனி, நான்காமவரின் பணிக்கு வருவோம். அரசாங்க மருந்து உறைகளில் குறிப்புகள் மலாயில் உள்ளன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு 'செபெலும் மாக்கான்' என்பது உணவுக்கு முன், 'செலெபாஸ் மாக்கான்' என்பது உணவுக்குப் பின் என்று சொல்லவல்லவர் வீட்டிலுள்ள மாணவரே. மருந்தின் பெயர், எந்நோய்க்கு, எவ்வளவு, எப்பொழுது, தந்தவர் யார், ஒவ்வாத மருந்து எது என ஒரே தாளில் தமிழில் எழுதி வைக்கலாம். ஆசிரியர்கள் இதனை ஒரு வகுப்புப் பயிற்சியாகவே அமைக்கலாம்.

"வேறு மருந்து உண்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்கையில், லேகியத்தையும் ஜாமுவையும் மருந்தெனக் கருதாமல் "இல்லை" என்று விடையளிப்பது நம்மவரிடையே வழக்கம். அத்தாளும் மருந்துகள் அனைத்தும் அடங்கிய ஒரு பையும் அவர் மேசைமேல் வைக்கப்படுமாயின் அவ்விடை திருத்தம் பெறும். புதிய மருந்துக்குப் பின் தோலில் தடிப்போ, முக வீக்கமோ, மூச்சுத் திணறலோ தோன்றினால் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அப்போதும் அத்தாள் உடன் செல்லட்டும்.