நொய்யல் மீண்டதற்கு அத்தாட்சி எது?

வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் ஜில்லாவில் காவேரியோடு கலக்கும் நொய்யல், கொங்கு நாட்டிற்குப் பயிர் தந்த நதி. திருப்பூரில் பனியன் தொழில் பெருகப் பெருக, அந்நதி சாயக் கால்வாயாயிற்று. பாசனத்திற்கென எழுப்பப்பெற்று 1992-இல் முடிவுற்ற ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளுக்குள் கழிவுநீர்த் தேக்கமாகி, குடியானவர்களின் கிணறுகளில் உப்பை ஏற்றியது. கழிவுநீர் துளியும் வெளியேறாத நிலை ஏற்படும்வரை சாயச்சாலைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவிட்டது. சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்தபின் தொழில் மீண்டது.

நதி மீண்டதா? இத்தனை கோடி செலவிட்டோம், இத்தனை மரம் நட்டோம் என்பன முயற்சியின் கணக்கேயன்றிப் பலனின் கணக்காகா. மருந்தின் விலை நோயாளியின் சுகத்தைக் காட்டுமோ?

பலனைக் காட்டுவன மூன்று. முதலாவது, திருப்பூருக்கு மேலும் கீழும் குறித்த இடங்களில் ஆற்றுநீரிலுள்ள உப்பு. மழைவெள்ளம் உப்பின் செறிவைக் குறைத்துவிடுமாதலின் கோடையிலும் அளத்தல் அவசியம். இரண்டாவது, கிணறுகளின் நீர்மட்டமும் உப்பும். குடிநீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பதும், வேறு நீர் கிடையாவிடத்து 2000 வரை பொறுக்கலாமென்பதும் இந்தியத் தர நிர்ணயம். மூன்றாவது, கைவிட்ட வயல்களில் பழைய பயிர் திரும்புதல்.

இம்மூன்றிற்கும் ஆண்டுதோறும் எட்டவேண்டிய இலக்கை முன்கூட்டியே விதித்து, கண்ட அளவைக் கிராமப் பஞ்சாயத்துக்களில் எழுதி ஒட்டுதல் வேண்டும். இலக்குத் தவறின் பொறுப்பாளி யாரென்பதும் அதில் இருத்தல் வேண்டும். இதனைக் கேட்டுப் பெறுதல் ஊர்தோறும் உழைக்கும் தேசத் தொண்டர்களின் கடமை.